யோகாவுக்குப் பத்தியம்

"உங்க வகுப்ப இன்னையோட நிறுத்திடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது. மூடியைத் திறந்து காட்டினார். மாதக் கடைசியில் காலியாகத் திரும்பி வரவேண்டிய டப்பாவில் முக்கால்வாசி மாத்திரை அப்படியே கிடந்தது. டப்பா என் வகுப்புக்கு வரும் முருகாயியுடையது.

தேனிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் யோகா பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி சில ஆண்டுகள் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற இடத்தில், வாராவாரம் வகுப்பு எடுத்தேன். இந்த வேலைக்கு இப்போது இளம்பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகா அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியை அடக்குவது மாத்திரை, அதுவும் தினமும் விடாமல் போட்டால். தூக்கம் வர, பதற்றம் குறைய, உடம்பு வலி தணிய யோகா ஒரு கைத்தாங்கல். அதற்கு மேல் அளக்கிற பயிற்றுநரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் சுவரைப் பார்த்துதான் உட்காருவார்கள். அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. பக்கத்துப் பாயில் இருப்பவர் கொண்டான் கொடுத்தான் வகையில் உறவுக்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

முருகாயி தேவாரம் என்கிற ஊர்க்காரி. ஏலக்காய்த் தோட்டக் கூலி வேலைக்கு ஜீப்பில் மலையேறிப் போய்வருகிறவள். புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். வகுப்புக்கு வரத் தொடங்கி இரண்டு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன் என்றாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இப்போது இந்த டப்பா.

டாக்டர் அறைக்கே அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏத்தா, மாத்திரைய ஏன் போடல? குமட்டுதா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர். பத்தியம் இருக்கேன்."

"எதுக்குப் பத்தியம்?"

"யோகாவுக்குத்தான். நாட்டு மருந்து திங்கிறப்ப இங்கிலீசு மாத்திரையத் தொடக் கூடாதுன்னு எங்க ஊரு வைத்தியரு சொல்லுவாக. ரெண்டும் சேந்தா ஒண்ணும் கேக்காதாம். யோகாவும் நம்ம நாட்டு வைத்தியந்தான? புளி, கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு, உப்பைக்கூடத் தொடாமல் கிடக்கிற சனம் எங்கள் சனம். அந்த ஒழுங்கோடு இவள் மாத்திரையைத் தள்ளி வைத்திருக்கிறாள்.

டாக்டர் பொறுமையானவர். மாத்திரை நின்றால் கிருமி பெருகும், பிறகு அதே மாத்திரைக்குக் கட்டுப்படாமலும் போகும், உயிருக்கே ஆபத்து என்று படம் போட்டு விளக்கினார். முருகாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "மாத்திரையப் போட்டா யோகா கெட்டுப்போகுமே சார். இத மட்டும் விடச் சொல்லாதீக" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? வகுப்பு இருக்கற வரைக்கும் இவங்க மாத்திரையத் தொடமாட்டாங்க."

நியாயமான பேச்சுதான். ஆனால் வகுப்பை மூடினால் இவள் மையத்துக்கு வருவதையே விட்டுவிடுவாள் என்று எனக்குப் பட்டது. பத்தியமே இல்லை என்று சாதித்தாலும் நம்பமாட்டாள். அதனால் அவள் வழிக்கே போனேன்.

"முருகாயி, பத்தியம் இன்னதுன்னு யாரு சொல்லணும்?"

"வைத்தியம் பாக்குறவுகதான்."

"அப்ப யோகாவுக்கு நான்தான சொல்லணும்? கேட்டுக்க. எனக்கு ஒரே பத்தியம்தான். டாக்டர் குடுக்குற மாத்திரைய தெனமும் போடணும். விட்டா பத்தியம் முறிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். பெறகு என் வகுப்புல உனக்குப் பாய் கெடையாது."

"புளி?"

"தாராளமா ஊத்திக்க. கருவாடும் தின்னு."

அவள் சிரிக்கவில்லை. "நெசமாவே பாய் தரமாட்டீகளா?"

"தரமாட்டேன்."

முகம் வெளிறிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையை அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள். ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் அடுத்த வைரல் லோடு பரிசோதனை வரைக்கும் பார்ப்போம், கிருமி ஏறியிருந்தால் வகுப்பு கிடையாது என்று டாக்டர் என்னிடம் கறாராகச் சொன்னார். அதுவரைக்கும் எனக்குத்தான் சரியாகத் தூக்கமில்லை.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரே வகுப்பு வாசலுக்கு வந்தார். "அடங்கிருச்சும்மா. கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நேரே முருகாயியின் பின்னால் போனேன். வழக்கம்போலத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் தோளை அழுத்தி இறக்கிவிட்டபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"காப்பாத்துனது மாத்திரை, யோகா இல்ல. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாய்க்கு அன்னைக்கு அம்புட்டுப் பதறுன?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணன் வீட்டுல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு. பிள்ளைகளத் தூக்க விடமாட்டாக. தொட்டா ஒட்டாதுன்னு நர்சம்மா சொல்லியும் கேக்கல. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் என்னையத் தொட்டது நீங்க ஒருத்தருதான் டீச்சர்."

எவ்வளவு பெரிய மிரட்டலை அன்றைக்கு வாயில் வந்தபடி விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளிலிருந்து கையை எடுக்கவே மனம் வரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வகுப்பு தொடங்குமுன் எல்லோரையும் மாத்திரை போட்டாச்சா என்று கேளுங்கள். பிறகு ஆசனத்தைத் திருத்துங்கள். வாயால் சொன்னாலே போதும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த வகுப்பில் மட்டும் அது போதாது. தொடலாமா என்று கேட்டுவிட்டு, கையை வைத்துத் திருத்துங்கள்.