அடித்து அணைக்காத கற்பூரம்

1. பின்னால் வந்த வண்டி

ரிங் ரோட்டில் ஒரு வெள்ளை வண்டி என் பின்னாலேயே வந்தது. டீ குடிக்க ஓரம் கட்டினேன். அதுவும் ஓரம் கட்டியது. வண்டியில் எம்.எல்.ஏ. இல்லை, நான் மட்டும்தான். அப்போதுதான் பயம் பிடித்தது. அவர்களுக்கு வேண்டியது அவரில்லை, நான்.

என் ஊர் ஹனூர் பக்கம். மைசூரில் ஒரே எம்.எல்.ஏ.விடம் டிரைவராக இருந்து ஓய்ந்தவன். டாஷ்போர்டில் எங்கள் மலைச் சாமி மாதேஸ்வரன் படம் இருக்கும். அதைத் தொட்டுக் கும்பிடாமல் சாவியைத் திருப்பியதில்லை.

எம்.எல்.ஏ.வை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவருடைய கட்சி இரண்டாகக் கிடந்தது. முதலமைச்சர் நாற்காலிக்கு மோதிய இரண்டு தலைவர்களில் பெரியவர் ஒரு பக்கம், இளையவர் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் தலை சரிசமம். எங்கள் அண்ணன் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம்தான் நாற்காலி. அவரோ யாருக்கும் வாய் திறக்கவில்லை. அதுவரை அவர் போனை எடுக்காத மந்திரிகள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள்.

முந்தின நாள் அவரை இளையவரின் தோட்டத்துக்கு ஓட்டிப் போனேன். காவலுக்கு வரும் கன்மேன்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார். போனது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

2. வீட்டுக்கு வந்த மாதுளை

அன்று வீட்டுக்குப் போனால் கூடை நிறைய மாதுளம்பழம். பெரியவரின் ஆள், கொள்ளேகால் ராஜண்ணா, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளிடம் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார். அவளும் எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

போகும்போது என் தோளில் கை போட்டார். "பொண்ணைப் பத்திரமாப் பாத்துக்கப்பா மாதேவா. ரோடெல்லாம் இப்ப சரியில்ல."

என் மனைவி அந்தப் பழத்தைத் தொடவில்லை. சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

3. கோயிலில்

எங்கள் பக்கம் சந்தேகம் வந்தால் ஆணைப் பிரமாணம்தான். சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இளையவரின் தோட்டத்துக்குப் போகவில்லை என்று சத்தியம் பண்ணுங்கள் என ராஜண்ணா கேட்க, அண்ணன் சிரித்தாராம். என் சத்தியத்தை நானே நம்ப மாட்டேன், மாதேவனைக் கேளுங்கள், அவன் பொய் ஆணை வைக்க மாட்டான் என்றாராம்.

கோயிலுக்கு ஓட்டிப் போகும்போது, "என்ன சொல்லட்டுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தோணுறதைச் சொல்லு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்தது. சுற்றி ராஜண்ணாவின் ஆட்கள். "போகலைன்னு அடிப்பா. முடிஞ்சுது" என்றார் ராஜண்ணா.

கையை ஓங்கினேன். அடித்தால் பொய், மகள் வயிற்றுப் பிள்ளை மேல் விழும். போனோம் என்றால் உப்பிட்டவருக்குத் துரோகம், அதற்கப்புறம் இந்த ஆட்கள் என்ன செய்வார்களோ. ஓங்கிய கை இறங்கவில்லை.

"என்னால ஆகாதுங்க. போனோம்னும் சொல்ல மாட்டேன், போகலைன்னும் சொல்ல மாட்டேன். விட்டுருங்க."

கற்பூரம் தானாக எரிந்து கரியானது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் ராஜண்ணா அண்ணன் முன்னால் கைகூப்பி நிற்கிறார். "பெரியவரே உங்க வீட்டுக்கு வருவாருங்கண்ணா" என்றார்.

4. திரும்பும் வழியில்

"போகலைன்னு நீ அடிச்சிருந்தா நான் இவங்க பையில. போனோம்னு சொல்லியிருந்தா இளையவர் பையில. இப்ப நான் எந்தப் பக்கம்னு தெரியாம ரெண்டு பேருக்கும் தூக்கமில்ல" என்றார் அண்ணன். "நீ அடிக்கவும் மாட்டே, காட்டிக் குடுக்கவும் மாட்டேன்னு தெரியும்டா. அதான் உன்னைக் கைகாட்டினேன்."

"எம் பொண்ணை ஏதாச்சும் செஞ்சிருந்தாங்கன்னா அண்ணா?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் மந்திரியானார். மாதேஸ்வரன் புண்ணியத்தில் மகளுக்குச் சுகப்பிரசவம். ஆனால் அன்று திரும்பும் வழியில் பிடித்த பயம் ராஜண்ணாவால் வந்ததல்ல. நான் சாமிக்குப் பயந்ததையும் ஒருவர் கணக்கில் வைத்திருந்தாரே, அதனால் வந்தது.

வண்டி ஓட்டும் தம்பிகளே, சாமிக்குப் பயப்படுங்கள். அதைப் பின் சீட்டுக்குத் தெரியும்படி வைக்காதீர்கள். அன்று வண்டியை ஷெட்டில் விட்டதும் டாஷ்போர்டிலிருந்த மாதேஸ்வரன் படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.