படப்பிடிப்பு பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போவோம். மதுரை, ராமேசுவரம், கொடைக்கானல் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் பிள்ளைகள் மெட்ராஸ்தான் வேண்டும் என்றார்கள்.

அதற்குக் காரணம் ஒரு நோட்டீஸ். மதுரையில் சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஒருவர் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். மெட்ராஸில் மூன்று நாள், கடற்கரை, மிருகக்காட்சி சாலை, மகாபலிபுரம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘சினிமாப் படப்பிடிப்பு நேரில், பாட்டு ஒலிப்பதிவு நேரில்’ என்று போட்டிருந்தது. அந்த இரண்டுக்கும் தனிக் கட்டணம். மற்ற எல்லாம் சேர்ந்த செலவில் பாதி அளவுக்கு இருந்தது அது.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, முடிவை என்னிடம் விட்டுவிட்டார். “நீதான் கூட்டிட்டுப் போகப்போற. பெத்தவங்ககிட்டயும் நீயே பேசிக்க” என்றார்.

நேமத்தான்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர் வகுப்பறைக்குள் வராமல் வாசலில் நின்றே கேட்டார்.

“டீச்சர், கடலும் கோயிலும் சரி. இந்த சினிமா எடுக்குறது, பாட்டுப் பதியுறது, இதுக்கு இம்புட்டுக் குடுக்கலாமா? நீங்க பாத்துருக்கீகளா?”

“நான் பார்த்ததில்லைங்கய்யா.”

“பாக்காம எப்படிச் சொல்லுவீக?”

அவர் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது. தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அரைப் பரீட்சை விடுமுறையில் தையல் டீச்சரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாம்பலத்தில் அவருடைய அக்கா வீடு இருந்தது, தங்குவதற்குக் கவலையில்லை. ஸ்டுடியோவுக்கு அந்த மதுரைக்காரரின் ஆளே அழைத்துப் போனார். இரண்டு பேருக்கும் எங்கள் கைக்காசு.

உள்ளே ஒரு பெரிய கொட்டகையில் கிராமத்துச் சந்தை போட்டிருந்தார்கள். கதாநாயகி இடுப்பில் குடத்தோடு சந்தைக்குள் நடந்துவந்து, ஓரிடத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. காலை ஒன்பது மணிக்குப் போனோம். விளக்கை நகர்த்தினார்கள், ஏற்றினார்கள், இறக்கினார்கள். பதினொன்றரைக்கு அந்த அம்மா முதல் தடவை நடந்தார். ஒரு மணிக்கு நாலாவது தடவை நடந்தார். குடம் காலி என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

சந்தையில் நிற்பதற்கு முப்பது நாற்பது பெண்களை நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் கண்டாங்கிச் சேலை. தையல் டீச்சருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“கொசுவத்தை இப்படியா வப்பாக?” என்று என் காதில் முணுமுணுத்தார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள். “அதத்தான் நானும் சொன்னேன். யாரு கேக்குறாக?” என்றவள் எங்களை நன்றாகப் பார்த்தாள். “எங்குட்டுருந்து வாரீக?”

“காரைக்குடி.”

அவள் தன் கொசுவத்தை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, “நானும் அங்குட்டுத்தான்” என்றாள். எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முப்பது வயது இருக்கும். முகத்தில் பூசியிருந்த சாயம் கழுத்துக்கு இறங்கும் இடத்தில் கோடு போட்டதுபோல் நின்றுவிட்டது. எட்டு வருடமாக இப்படிக் கூட்டத்தில் நிற்பதாகச் சொன்னாள். கூப்பிடுகிற நாளைக்குத்தான் சம்பளம்.

எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அவளிடம் சொன்னேன். பிள்ளைகளை இங்கெல்லாம் அழைத்து வராதீர்கள் என்று அவள் சொல்லக்கூடும் என நினைத்தேன். உண்மையில், அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“கூட்டியாங்க டீச்சர்” என்றாள். “ஆனா காலையில கூட்டியாராதீக. பொழுதுக்கும் விளக்கத்தான் தூக்கிட்டுத் திரிவாக, புள்ளைக அலுத்துப் போகும். சாயங்காலமும் வேணாம். நாங்க காலு வீங்கி உக்காந்துருப்போம். மத்தியானத்துக்கு மேல வாங்க, அப்பத்தான் பாக்க நல்லாருக்கும்.”

அதற்குள் யாரோ கை தட்டிக் கூப்பிட, அவள் ஓடிப்போய்ச் சந்தையில் நின்றுகொண்டாள்.

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே முப்பது பேருக்கு மேல் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது, நாற்காலியை அசைக்கக்கூடாது. பாட்டு முடியப்போகிற இடத்தில் புல்லாங்குழல்காரர் ஒரு சுரத்தை விட்டுவிட்டார். விளக்கு அணைந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லோரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் விரல்களால் எண்ணிக் காட்ட, அந்த எண்ணிக்கைக்குள் முப்பது பேரும் ஒன்றாக வந்து சேர்ந்ததைப் பார்த்து நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

திரும்பி வரும்போது ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒலிப்பதிவுக்குக் கொடுக்கலாம், படப்பிடிப்புக்கு வேண்டாம். தையல் டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “அந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா இருப்பாகளா?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் நேமத்தான்பட்டிக்காரர் வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். விளக்கு, குடம், கூட்டத்தில் நின்ற நம்மூர்ப் பெண் என்று பார்த்ததையெல்லாம் சொன்னேன். நாலு மணி நேரம் நின்று ஒருத்தி திரும்பிப் பார்ப்பதைப் பார்ப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று முடித்தேன்.

அவர் முதலில் கேட்டது வேறு. “அந்தப் புள்ள சாப்புட்டுச்சா?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு மணியானதும் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டலைத் தேடிப் போய்விட்டோம். அவளைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன்.

அவர் துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். “டீச்சர், நீங்க போயிப் பாத்தீக. பாத்துட்டு வேணாங்குறீக. எம் மகளும் போயிப் பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லட்டுமே. அதுக்குத்தான குடுக்குறது.”

பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார், இரண்டுக்கும் சேர்த்து. நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். மற்றப் பெற்றோருக்கும் இரண்டும் உண்டு என்றே எழுதி அனுப்பினேன். விருப்பமுள்ளவர்கள் கொடுக்கலாம் என்று சேர்த்துக்கொண்டேன். நாலு பேரைத் தவிர எல்லோரும் கொடுத்தார்கள். அந்த நாலு பேருக்கும் பெரிய டீச்சர் கொடுத்தார்.

மாசி மாதம் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு போனோம். அந்தப் பெண் சொன்ன மாதிரியே ஸ்டுடியோவுக்கு இரண்டு மணிக்கு மேல்தான் அழைத்துப் போனேன். ஆனால் அன்றைக்குப் படப்பிடிப்பே இல்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். அன்றைக்குப் பெண்கள் நின்றிருந்த கொட்டகையில் ஒருவரும் இல்லை. கூப்பிடாத நாளைக்குச் சம்பளம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கூட வந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு, பாதி பிரித்துப் போட்டிருந்த ஓர் அரண்மனையைக் காட்டினார். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள் என்று பயந்தேன். ஒரு பிள்ளை மெல்லத் தூணைத் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது. அடுத்த நிமிடம் முப்பத்திரண்டு பேரும் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். கருங்கல் படியை இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருத்தி சிம்மாசனத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்து, “பழைய டீப்பெட்டிப் பலகைடீ” என்று கத்தினாள். நேமத்தான்பட்டிக்காரரின் மகள் வாசற்படி இல்லாத ஒரு கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளாக வெளியே வந்தாள். தையல் டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அத்தனை பேரும் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். எண்ணுகிறவரைப் பாருங்கள், விரலைப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். மூன்றாவது தடவை பாட்டு திரும்பியபோது பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் கோபமாகத்தான் இருந்தது. பிறகு அது என்னுடைய ஆசை, அவர்களுடையதல்ல என்று பட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த விவசாயி இளைய மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தார். மூத்தவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“அதயேன் கேக்குறீக. கோடையில நெலக்கடல ஆயுறப்ப, அரமணயத் தூக்குன கதயச் சொல்லுன்னு பொம்பளைக பூராம் அவளச் சுத்தி உக்காந்துக்கிட்டாக. ரெண்டு நாள்ல முடிய வேண்டிய வேல, நாலு நாளாச்சு.”

“அப்ப, கொடுத்த காசுக்குச் சரியா இருந்துச்சுங்களாய்யா?”

அவர் யோசித்தார். “அவ இன்னம் வேணாம்னு சொல்லல. நானும் கேக்கல” என்றார்.

அந்த வருடமும் பெரிய டீச்சர் என்னைத்தான் கூப்பிட்டு, படப்பிடிப்பு பார்க்கப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். மத்தியானத்துக்கு மேல் என்று புது நோட்டீஸின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.