பயணம் சொல்லப் போன வீடு

நான் தையல்காரி. இஞ்சு டேப்பில் அளக்க முடியாத எதையும் நம்பாதவள். முனி அடித்தது, மோகினி நின்றது என்று யாராவது ஆரம்பித்தால், "ஏன், அதுக்கு ரவிக்கை தைக்கணுமாக்கும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் இதில் ஒரு தீவைப் பற்றி வருகிற விவரங்களையாவது மனதில் போட்டுக்கொள்ளுங்கள், போகிறவர்களுக்கு உபயோகப்படும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அதை வைத்து ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுக்கு ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார். ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்றுகூட எனக்குத் தெரியாது. நானும் மூன்று வயது மீனாவும் காரைக்குடியில் என் அப்பா வீட்டில் இருந்தோம். அவர் எழுதுவதெல்லாம் ஒரே பல்லவிதான், இங்கே எல்லாம் இருக்கிறது, கிளம்பி வா. எல்லாம் என்றால் என்ன? மனுஷன் சொல்லமாட்டார். மீனாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளை எனக்குத் தங்கவில்லை. இவளையும் பாஷை தெரியாத ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம்தான். டிக்கெட் வந்த பிறகும் போகாமல் இருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டுகிறவர்கள் பழகிய வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் மனத்தாங்கல்தான். நான் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டுச் சொன்னார்: "பயணம் சொல்லப் போறவ பின்வாசலால போகாத. முன்பக்கம் மொகப்பு வழியா போயிட்டு வா."

வம்பே அங்கேதான் வந்தது. செட்டியார் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். அங்கே சின்ன வயதுப் பெண்ணும் எங்களுக்கு ஆச்சிதான். விசாலாட்சி ஆச்சிக்கு நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரவிக்கை தைக்கிறேன், ஆனால் எப்போதும் பின்தெரு வழியாகத்தான் போய் வருவேன். அடுப்படி வாசலைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன். முன்தெருவில் போய் நின்றால் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே தூண், நிலைக்கு மேலே அதே கஜலட்சுமி. ஒரு வீடு தள்ளி ஏறிவிட்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே வளவு முற்றத்தில் காலை வைத்தால் சில்லென்று இருக்கிறது. தூணில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். விசாலாட்சி ஆச்சிக்கு நான் பார்த்திராத மருமகள் ஒருத்தி உண்டு, அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பயணம் சொல்ல வந்தேன் ஆச்சி. ரீயூனியன் தீவுக்குப் போறேன்" என்றேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புள்ளையோடயா?"

"ஆமா ஆச்சி. எனக்குப் பயமா இருக்கு, போகாம இருந்துரலாமான்னு இருக்கு." அப்பாவிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவள் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "போ தாயி. புருசன் இருக்குற எடந்தான் புள்ளைக்கும் நல்லது. நான் சொல்றத மட்டும் கேட்டுக்க. ஆடி ஆவணியில அங்க குளுரு, மலைப்பக்கம் போனா பல்லு தந்தியடிக்கும், கம்பளி எடுத்துக்க. முருங்கைக்கீரையும் கருவேப்பிலையும் அங்கயே இருக்கு, சொமக்காத. பெருங்காயந்தான் கிடைக்காது. கடைக்குப் போனா எடுத்த எடுப்புல வெலை கேக்காத. மொதல்ல போன்ஜூர்னு வணக்கம் சொல்லணும், சொல்லலைன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாக. உச்சிப்பொழுதுல கடையெல்லாம் சாத்திருவாக. கடல்ல, அலை தூரத்துலயே ஒடைஞ்சு கரையில தண்ணி அடங்கிக் கெடக்குற எடத்துல மட்டும் புள்ளைய எறக்கு."

இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பெருங்காயம் எவ்வளவு வாங்கலாம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

"தை மாசியில புயலு வரும்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ரொம்பப் பேயாட்டம் ஆடிட்டு நடுவுல சட்டுன்னு நின்டுரும். வானம் தெரியும். குருவி கத்தும். எல்லாரும் முடிஞ்சதுன்னு வெளிய வருவாக. அது முடியலை தாயி. எதுத்த பக்கமா திரும்பி வரும். அப்பக் கதவத் தொறக்காத, யாரு சொன்னாலும் தொறக்காத. நான் தொறந்தேன். எம்மவன் மாங்கா பொறுக்க ஓடுனான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது, நிழலில் இருக்கிறவள்தானே என்று நினைத்தேன்.

"கடலோரம் இடுகாட்டுல, புளியமரத்துக்குக் கீழ வச்சிருக்கு. ஊருக்குக் கூட்டியாந்தப்ப என்னைய அங்க போக விடலை. அவங்கிட்டப் பயணம் சொல்லாமயே வந்துட்டேன். நீ போயி எனக்காகச் சொல்லிருவியா? ஒரு சட்டையும் தைச்சுக் கொண்டுபோ. இவ்வளவு ஒசரம் இருப்பான்" என்று கையைக் காட்டினாள்.

தொழில் புத்தி எங்கே போகும்? பையிலிருந்து டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அவள் கை வரைக்கும் அளந்தேன். அதோடு விட்டேனா? "வளர்ற புள்ளை, பின்னால பிரிச்சு எறக்கிக்கிற மாதிரி அடியில ரெண்டு வெரக்கடை உள்மடிப்பு விட்டுத் தைக்கவா ஆச்சி?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. முகம் மலர்ந்துபோய், "விட்டுத் தை" என்றாள்.

வெளியே வந்து பார்த்தால், அடுத்த வீட்டு வாசலில் விசாலாட்சி ஆச்சி நிற்கிறார்.

"என்னடி, அங்குட்டு இருந்து வார?"

"உங்க மருமக கூடத்தான் ஆச்சி பேசிக்கிட்டு இருந்தேன்."

"ஆத்தாடி! மருமக மதுரையில இருக்கா. அது பூட்டிக் கெடக்குற வீடுல்ல!"

திரும்பிப் பார்த்தேன். நிலைக்கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு, துருவேறித் தொங்கியது. படியில் புறா எச்சம். ஆச்சி என்னை உள்ளே இழுத்துப்போய்த் திருநீறு பூசிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டு ஆச்சி புருஷனோடு அந்தத் தீவுக்குப் போனவளாம், பிள்ளையை அங்கே புயலில் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவளாம், வந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். எல்லாம் நான் பிறக்கும் முன்பு.

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். எழுந்ததும் சட்டையைத் தைத்தேன். வெள்ளைப் பாப்ளின், நீலப் பொத்தான், அடியில் உள்மடிப்பு. ஒரு தாய் சொல்லி அளவெடுத்த பிறகு தைக்காமல் இருக்க மனசு வரவில்லை. போகாமல் இருக்கிற யோசனையும் எங்கேயோ போய்விட்டது.

தீவில் அவள் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கடைக்காரியிடம் போன்ஜூர் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். மாசியில் புயலும் வந்தது. கூரைத் தகரம் கிழிகிற சத்தம், மீனா என் மடிக்குள். பிறகு சட்டென்று நின்றது. வானம் தெரிந்தது. நிஜமாகவே குருவி கத்தியது. அவர் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். மீனாவும் துள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"தொறந்தீகன்னா என் பொணத்தத் தாண்டித்தான் போகணும்" என்று கதவில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டேன். பைத்தியமா உனக்கு என்று அவர் சண்டை போட்டார். சண்டை முடிவதற்குள் எதிர்ப்பக்கமிருந்து காற்று அறைந்தது. விடிந்து பார்த்தால் வாசலில் பக்கத்து வீட்டு மாமரம் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த இடுகாட்டை விசாரித்துக்கொண்டு கடலோரம் போனோம். அங்கே மணல் கறுப்பு, நம் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்குக் கரித்தூளைக் கொட்டியது போல இருக்கும். புளியமரம் இருந்தது. கீழே பெயரில்லாத சின்ன மேடு. சட்டையை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். "தம்பி, உங்கம்மா ஊருக்குப் போயிட்டாக. பயணம் சொல்லச் சொன்னாக. உன் மேல உசிரா இருக்காக" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் மனப்பிராந்தி என்று நானே தள்ளியிருப்பேன். சில வருஷம் கழித்து லீவுக்குக் காரைக்குடி வந்தபோது, அந்த வீட்டைப் பிரித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அன்றைக்குத்தான் பூட்டை உடைத்தார்களாம். ஆட்கள் தூணைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வளவில், அவள் சாய்ந்திருந்த தூணின் ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. என் தையல் எனக்குத் தெரியாதா? அதே நீலப் பொத்தான். சட்டைப் பையில் கையை விட்டேன், தீவின் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

மணலைக்கூட விடுங்கள். நான் அடியில் விட்ட உள்மடிப்பைப் பக்குவமாகப் பிரித்து இறக்கிவிட்டு, வேறு நூலால் யாரோ கையால் ஓரம் அடித்திருந்தார்கள்.