இரண்டு வீட்டுப் படிகாரம்

எங்கள் வீட்டு நிலைப்படியில் தொங்கிய படிகாரம் கரைய ஆரம்பித்ததிலிருந்துதான் அம்மாவுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் பேச்சு நின்றது. பாவம், அந்தக் கல் என்ன செய்யும்? ஐப்பசி மாதத்து அடைமழை, மூன்றாவது மாடி, ஒரு பக்கம் சுவரே இல்லாத வராண்டா. சாரலில் நனைந்தால் எந்தப் படிகாரமும் கரையத்தான் கரையும்.

ஆனால் படிகாரம் கட்டுவதே கண் திருஷ்டிக்கு. கறுப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டால் வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும், எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவு கரையும் என்பது அம்மாவின் கணக்கு. எங்கள் மாடியில் இருந்ததே இரண்டு வீடுதான். வருகிறவர் போகிறவர் என்று பார்த்தால் அத்தையைத் தவிர வேறு யார்?

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவின் வேலைக்காக அயனம்பாக்கத்துக்கு வந்து, லோன் போட்டு ஃபிளாட் வாங்கியவர்கள். அத்தை வீட்டார் அயனம்பாக்கத்துக்காரர்களேதான். ஃபிளாட் நின்ற நிலமே அவர்களுடையதுதான். பில்டருக்குக் கொடுத்துவிட்டு, பங்குக்கு வீடு வாங்கிக்கொண்டு எதிரில் குடியிருந்தார்கள். அத்தைக்கு ஒளிவுமறைவு கிடையாது. ஒருநாள் ரசத்துக்குப் புளி கேட்க வந்தவர், எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரூம் கீற எடத்துலதான் எங்க மாமனாரு கத்திரிக்கா போட்டுகினு இருந்தாரு. இன்னா காய்ப்பு தெரியுமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கத்திரிக்காயைத்தான் சொன்னார். அம்மா காதில் வேறு என்னவோ விழுந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் எங்கள் படிகாரம் பாதியாகியிருந்தது.

அம்மா உடனே இன்னும் பெரிய கல்லாக வாங்கிக் கட்டினாள். அத்தை அதைப் பார்த்தார். எதிர்வீட்டில் திடீரென்று இவ்வளவு பெரிய படிகாரம் தொங்கினால் அது யாருக்காக என்று கண்டுபிடிக்க அவருக்கு என்ன ஜோசியமா தெரிய வேண்டும்? அவர் அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டினார். அப்புறம் அம்மா. அப்புறம் அத்தை. கடைசியில் இரண்டு வாசலிலும் தேங்காய் அளவுக்கு வெள்ளைக் கல் தொங்கியது. அப்பா தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார். மழைக்குக் கரைகிறது என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மழ எதிர்வீட்டுக்குந்தான பெய்யுது, அது மட்டும் ஏன் அப்படியே இருக்கு?" என்று அம்மா கேட்டதும் பேப்பருக்குள் போய்விட்டார். எதிர்வீட்டு வாசல் சுவர் ஓரமாக இருந்ததால் அங்கே சாரல் குறைவு. அதைச் சொல்லுமளவுக்கு அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை.

இதில் மாட்டிக்கொண்டது நானும் கீர்த்தனாவும். கீர்த்தனா அத்தையின் மகள். நாங்கள் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது, அவளுக்கும் அதே. இந்தச் சமயம் பார்த்து அறிவியல் மிஸ், கண்காட்சிக்கு எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டு, 'பாறைகளும் கனிமங்களும்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். வீட்டுக்குத் தெரிந்தால் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள். கீர்த்தனா இல்லாமல் எனக்குக் கண்காட்சியே வேண்டாம். ஆகவே மொட்டைமாடிப் படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில், யாரும் வராத ஜன்னல் மேடையில், ரகசியமாக வேலையை ஆரம்பித்தோம்.

பாறைக்காக நாங்கள் மலையைத் தேடிப் போகவில்லை. பக்கத்து மனையில் வேலை செய்த மேஸ்திரியிடம் கேட்டு, சமையல் மேடைக்கு அறுத்த கிரானைட்டில் ஒரு துண்டு வாங்கினோம். அது பூமிக்குள் குழம்பாகக் கொதித்து ஆறிய தீப்பாறை. அலமாரித் தட்டுக்குப் போட்ட கடப்பாக்கல், கடலடியில் ஏடு ஏடாகப் படிந்த படிவுப்பாறை. பூஜை அறைக்கு வாங்கி மிஞ்சிய மார்பிள், சுண்ணாம்புப் பாறை சூட்டிலும் அழுத்தத்திலும் குணம் மாறிய உருமாறிய பாறை. மூன்றும் ஒரே ஃபிளாட்டுக்குள் இருக்கும்போது எவரெஸ்ட் எதற்கு என்று கீர்த்தனா கேட்டாள்.

மிஸ்ஸுக்கு அது போதவில்லை. கல்லைக் காட்டினால் மட்டும் ஆகாது, கல் எப்படிப் பிறக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார். கிரானைட்டில் மின்னுகிற மணிகளைக் காட்டி, மெதுவாக ஆறினால் மணி பெரிதாகும், சட்டென்று ஆறினால் பொடியாகத்தான் வரும், கல்லுக்கு அவசரமே ஆகாது என்று சொன்னார். நாங்கள் எரிமலைக்கு எங்கே போவது?

வழி எங்கள் வாசலிலேயே கிடைத்தது. படிகாரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் செருப்பு ஸ்டாண்டின் மேல் காய்ந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் கடுகு அளவில் மணி மணியாகக் கண்ணாடித் துண்டுகள். கீர்த்தனா ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். துவர்த்தது. "இதுவும் கல்லுதாண்டி" என்றாள்.

அதற்குப் பிறகு மழை வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் படிகாரத்தின் கீழே ஒரு டப்பா மூடி, அவர்கள் படிகாரத்தின் கீழே ஒரு டப்பா மூடி. சொட்டியதையெல்லாம் அப்பாவின் கைக்குட்டையில் வடிகட்டி, ஒரே ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினோம். எங்களிடம் இருந்த பாட்டில் ஒன்றுதான். ஒரு குட்டி மணியை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டோம். மழை ஓய்ந்து மார்கழி வந்தது. தண்ணீர் வற்ற வற்ற நூலில் இருந்தது வளர்ந்தது. தை பிறக்கும்போது அது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. எட்டு முகம், பட்டை தீட்டியது போல, ஒரு கீறல் இல்லை. அவ்வளவு அழகான பொருள் அதுவரை எங்கள் இரண்டு வீட்டிலும் இருந்ததில்லை என்று சத்தியம் செய்வேன்.

கண்காட்சிக்குப் பெற்றோரையும் கூப்பிடுவார்கள் என்பதை நாங்கள் மறந்தே போனோம். அம்மா மேசையின் இந்தப் பக்கம் வந்து நின்றாள். அத்தை அந்தப் பக்கம். படிகாரம் தண்ணீரில் கரைந்து மறுபடி மணியாகும் விதத்தை நான் ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதிய சார்ட் நடுவில் தொங்கியது. இருவரும் கூரையைப் பார்த்தார்கள். மிஸ் அந்தக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, இவ்வளவு சுத்தமான படிகம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கீர்த்தனா முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டு வாசல்ல கட்ன படிகாரமும் இவங்க ஊட்டு வாசல்ல கட்ன படிகாரமும் மழையில கரைஞ்சி சொட்டிச்சி மிஸ். ரெண்டையும் ஒண்ணா ஊத்தி வெச்சோம்."

மிஸ் கை தட்டினார். அம்மாவும் அத்தையும் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, மாதக்கணக்கில் முதல்தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே பீதி.

"ரெண்டு ஊட்டு கண்ணையும் ஒண்ணா ஊத்தி வளத்துகினு கீதுங்க பாரும்மா" என்றார் அத்தை.

"இத எந்த வீட்டுல கொண்டு வைக்க?" என்றாள் அம்மா.

அதுதான் பெரிய பிரச்சினை. எங்கள் வீட்டுக்குள் விட அம்மா தயாரில்லை, அவர்கள் வீட்டுக்குள் விட அத்தை தயாரில்லை. பள்ளிக்கூடத்தில் விட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆகாது. திருஷ்டி கழித்ததைக் கால் படாத இடத்தில் போட வேண்டும். அயனம்பாக்கத்தில் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? முச்சந்தியில் பைக் நிறுத்தியிருக்கிறார்கள், காலி மனையெல்லாம் கட்டடம். நால்வரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். கல் என் மடியில் இருந்தது. வழியெல்லாம் அவர்கள் என் தலைக்கு மேலே ஆலோசனை செய்துகொண்டே வந்து, கடைசியில் ஆட்டோவை ஏரிக்கரையில் நிறுத்தினார்கள்.

நான் கெஞ்சினேன். ராத்திரி மட்டும் படிக்கட்டில் இருக்கட்டும் என்று அழுதேன். அத்தை என் கன்னத்தை வழித்து, "படிகாரம் போட்டா கலங்கல் தண்ணி தெளியும் கண்ணு, ஏரிக்கு நல்லதுதான்" என்று சொல்லி, கல்லை வாங்கி அம்மா கையில் கொடுத்தார். அம்மா தனியாகப் போடத் தயங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துத் தண்ணீரில் விட்டார்கள். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஏன் உடனே கிளம்பவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கரையில் உட்கார்ந்து வேகவைத்த கடலை வாங்கினார்கள். யார் கல் பெரிது என்று ஆரம்பித்த பேச்சு, கத்திரிக்காய்த் தோட்டத்துக்குப் போய், எங்கள் ஊர்த் தாமிரபரணிக்குப் போய், திரும்ப வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கல் கரைந்துகொண்டிருக்கும்போது இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கீர்த்தனா பாதிக் கடலையை என் பக்கம் தள்ளினாள். நான் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து டிவி போட்டாள். யாரும் தடுக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் எங்கள் படிகாரம் மறுபடியும் பாதியாகியது. அம்மா செருப்பு ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டே, எதிர்வாசலில் நின்ற அத்தையிடம், "மழைக்குக் கரையுது மதினி, வேற என்ன" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்காட்சியில் என் சார்ட்டைப் படித்துத்தான் அம்மா இதைத் தெரிந்துகொண்டாள் என்று வெகுகாலம் நம்பினேன். மிஸ்ஸிடம் போய்ச் சொல்லியும் வைத்தேன்.