நீலப் பூச்சுக்குக் கீழே

ஒஸ்லோவில் எதிர்வீட்டுக் கிழவரிடம் "வூர்டான் கோர் டே?" என்று கேட்டால், மனுசன் உண்மையாகவே பதில் சொல்வார். மரியாதைக்குச் சுகம் கேட்டுவிட்டுப் படியேறலாம் என்று பார்த்தால் விடமாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு முழங்கால் வலியில் தொடங்கி, மகன் பேசுவதில்லை என்பதில் வந்துதான் நிறுத்துவார். பிறகு "நீ எப்படி?" என்பார். "ப்ரா" என்பேன், நல்லாயிருக்கிறேன் என்று. நான் சைக்கிள் ஃபிரேம்களுக்கு மெருகு போட்ட பட்டறையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்றும் அதைத்தான் சொன்னேன். படிக்கட்டில் நின்று அழுது காட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வராது.

ஊரில், கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டில் இருக்கும் தம்பி அன்ரனுக்கும் சொல்லவில்லை. லீவு என்று சொல்லித்தான் வந்து இறங்கினேன். வேலையில்லாத கை சும்மா இருக்குமா? பின்கட்டில் என் பழைய மவுண்டன் பைக் நின்றது. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த செகண்ட்ஹேண்ட். முதல் சம்பளத்தில் வாங்கி, ஒழுங்கைப் பொடியன்கள் "ஆம்பிளைச் சைக்கிள்" என்று நக்கலடிக்க, அதில்தான் கோட்டைக்கு வேலைக்குப் போனேன். தம்பி அதன்மேல், வாசல் கேட்டுக்கு அடிக்கும் நீலப் பெயின்டை அப்பி வைத்திருந்தான். சுரண்டி மெருகு போட்டு ஒஸ்லோவுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். "உங்கட சைக்கிள்தானே அக்கா, கொண்டு போங்கோ," என்றான், கோப்பையைப் பார்த்தபடி. அவன் ஏன் நிமிரவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

பெயின்டைச் சுரண்ட எமரி பேப்பர் வாங்கப் போனேன். நான் சிங்களத்தில் கேட்க, கடைக்காரர் ஆங்கிலத்தில் எந்த நாடு மிஸ் என்றார். கொட்டாஞ்சேனை என்றேன். சிரித்துக்கொண்டே வெளிநாட்டு விலை சொன்னார். எரிச்சலோடு வந்து சுரண்டத் தொடங்கினேன். நீலம் போய், அதன் கீழிருந்த கறுப்பும் போய், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, குழாயில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது. வெடித்த இடத்தைப் பித்தளை உருக்கி ஒட்டியிருந்தார்கள்.

"அன்ரன், இது என்ன?"

"அது ஒரு சின்ன வெடிப்பு அக்கா."

"சின்ன வெடிப்பா? இப்பவாவது சொல்லுங்கோவன்," என்றாள் அவன் மனைவி ஷீலா குசினியிலிருந்து.

பெட்ரோல் இல்லாத நாட்களில் அவன் இந்தச் சைக்கிளில்தான் கொலன்னாவைக்கு, கிடங்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஒரு காலை குழாய் முறிந்து, ஆளும் விழுந்து, தோள் எலும்பும் முறிந்திருக்கிறது. பெட்ரோல் வந்த பிறகும் இதில்தான் போனானாம். நான் கழற்றிப் போட்டதிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறான். தோள் முறிந்து கிடந்த ஞாயிறுகளிலெல்லாம் வீடியோவில் வந்தானே! முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு. ஏன்டா வாடிக்கிடக்கிறாய் என்றால், வெயில் அக்கா என்பான்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லி? நீங்க அங்க நித்திரையில்லாமக் கிடப்பீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் யார் என் நித்திரையைத் தீர்மானிக்க? அந்த நிமிடத்தில் என் வேலை போன கதையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. "இனிமே ஒளிக்காதே," என்று மட்டும் சொன்னேன்.

சைக்கிளை அவனுக்கே விட்டேன். இரும்பைக் கண்ணாடியாக்கி, துறைமுகத்து உப்புக்காற்று தின்னாதபடி நிறமில்லாத லாக்கர் அடித்தேன். பித்தளை ஒட்டு தெரியாதபடி ராவி மறைக்கச் சொன்னான், நான் கேட்கவில்லை. அந்த ஒட்டு நம்பக்கூடியதல்ல என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். இனி ஒரு மயிரிழை வெடித்தாலும் கண்ணில் படவேண்டும், பட்டால் உடனே எனக்குச் சொல்லவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போன ஞாயிறு வீடியோவில் சைக்கிளைக் காட்டு என்றேன். தயங்கித் தயங்கிப் போனைத் திருப்பினான். கழுத்து, குழாய், எல்லாம் நீலம்.

"உப்புக்காத்துக்கு இதுதான் நல்லது அக்கா. ஒண்டுமில்ல. உங்கட வேலை எப்படி?"

"நல்லாப் போகுது," என்றேன். அவன் அழைப்பதற்கு முன்பே பட்டறை ஏப்ரனை எடுத்துக் கட்டியிருந்தேன்.