பதினோரு மாதத்துக்கு மேல் வேண்டாம்

வீட்டுத் தரகுக்கு முதலீடு ஒரு ஜோடி செருப்பும் வெட்கமில்லாத முகமும்தான். எழுபதுகளில் பாலக்காடு டவுனில் இந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைத்தேன். குறைந்த வாடகைக்கு வீடு தேடி அலைந்து நொந்தவர்களே, உங்கள் சாபத்தில் பாதி எனக்குரியது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நிலச் சட்டம் வந்திருந்த காலம். உழுதவனுக்கு வயல் போன மாதிரி குடியிருப்பவனுக்கு வீடும் போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் நடுங்கினார்கள். சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானும் படிக்கவில்லை. ஆனால் போகிற வீடெல்லாம், உட்காருகிற டீக்கடையெல்லாம், "பதினோரு மாசத்துக்கு மேல ஒருத்தரையும் வெச்சுக்காதீங்க, அப்புறம் கெளப்ப முடியாதுங்க" என்று ஓதி வைத்தேன். ஆள் மாறினால்தானே எனக்குக் கமிஷன்!

அழாத குழந்தை

கோட்டைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் மாடியை வாடகைக்கு விட்டார். மனைவி, கைக்குழந்தையோடு ஒரு தபால் குமாஸ்தாவைக் கூட்டிப் போனேன். மீன் பொரிப்பீர்களா, ரேடியோ உண்டா, ஒரு நாளைக்குக் கிணற்றிலிருந்து எத்தனை குடம் என்று வாய்ப்பரீட்சை நடந்தது. குமாஸ்தா எல்லாவற்றிலும் பாஸ். கடைசியாக டீச்சரம்மா குழந்தையை மேலும் கீழும் பார்த்தார்.

"கொளந்தை இருக்கட்டுமுங்க. அழுகறது மட்டும் கூடாது."

மூன்று போர்ஷன்

மாட்டுத் தொழுவத்தைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்து, சுண்ணாம்பு அடித்து, 'போர்ஷன்' என்று பெயரும் வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர், காலேஜில் சேர்ந்த மகளையும் மனைவியையும் குடிவைக்க வீடு தேடி வந்தார். தொட்டி இருந்த இடத்தைச் சமையலறை என்று காட்டினேன். குனிந்து உள்ளே போனவர் குனிந்தபடியே வெளியே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"இதை எங்க தோட்டத்துல கூலியாளுங்களுக்கு விடுற லயம்னு சொல்லுவோம் அண்ணாச்சி. அதுக்கு வாடகை கேக்க மாட்டாங்க."

அரிசிக்கு வேறு விலாசம்

சித்தூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்கு டவுனில் வீடு இருந்தது. நான் ஓதியதை நன்றாகவே கேட்டவர். ரேஷன் கார்டில் இந்த விலாசம் ஏறினால் வீடு போச்சு என்று மேற்கொண்டு அவரே கண்டுபிடித்திருந்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரிடம், "குடியிருங்க, கார்டை மட்டும் மாத்தாதீங்க" என்றார். வாத்தியார் என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்.

"அப்ப நாங்க இங்க குடியிருக்கோணும், எங்க அரிசி கொழிஞ்சாம்பாறைல குடியிருக்கோணுமுங்களா?"

என் வீடு

நானும் வாடகை வீட்டில்தான் இருந்தேன். ஒன்பது வருடம், ஒரே வீடு, ஒரு சண்டை கிடையாது. மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது வீட்டுக்காரர் வந்து, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். கெஞ்சினேன். சட்டத்தில் அப்படியெல்லாம் இல்லை என்றுகூடச் சொன்னேன். அதற்குள் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். என் தொழிலில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

டவுனில் எனக்குத் தெரியாத வீடில்லை. ஆனால் அன்று நினைத்துப் பார்த்தால், பிள்ளை பெறப்போகிறவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க, நான் கெடுத்து வைக்காத வீட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்காரரோ சிரித்த முகமாகவே எழுந்தார்.

"பதினோரு மாசத்துக்கு மேல வேண்டாம்னு நீங்கதானுங்க டீக்கடைல சொன்னீங்க. கோவிச்சுக்காதீங்க. உங்களாட்ட நல்ல குடித்தனமா ஒண்ணு நீங்களே பாத்து உடுங்க, கமிஷன் தந்தர்றனுங்க."

அவருக்கு ஒரு குடித்தனத்தையும் பார்த்துக் கொடுத்துவிட்டு, தபால் குமாஸ்தா பதினோரு மாதம் முடிந்து காலி செய்த டீச்சரம்மா மாடிக்கு, பிறக்கிற குழந்தை அழாமல் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே குடிபோனேன்.