ராஜதுரையின் இடது கண்

வீராயி என்ற பேரைக் கேட்டாலே சாமிதுரைக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்கான கோபம் அது.

அவர் தங்கை கண்ணகியின் புருஷன் ராஜதுரைக்கு அரியலூரில் வெல்டிங் பட்டறை. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் தொட்டியில் ஓட்டை விழுந்தால் அவனிடம்தான் வருவார்கள். ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் கண்ணாடி மாட்டச் சொன்னால் மட்டும் காது கேட்காது. ஒருநாள் கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்புத் தூள் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு மாப்ள" என்று சாமிதுரை கத்தினார். அவன் நேரே குன்னத்துக்கு, தூரத்து உறவான வீராயி அத்தையிடம் போனான். கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் துழாவி எடுப்பவள் அவள். எடுத்தாள். விரல் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டையும் காட்டினாள்.

"பாத்தீங்களா மச்சான், ஒங்க டாக்டருக்கு ஒரு ஊசி மிச்சம்!" என்று திரும்பி வந்து சிரித்தான் ராஜதுரை.

அந்தக் கண் கொஞ்சம் மங்கலாகவே நின்றுவிட்டது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

போன மாசியில் தலைவலி ஆரம்பித்தது. விடிந்தால் வாந்தி. பிறகு, பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே வெல்டிங் கோல் கையிலிருந்து நழுவியது. பெரம்பலூரில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி.

"கட்டி இருக்குறத இது காட்டிடுச்சு" என்றார் டாக்டர். "அது எங்க முடியுது, நல்ல மூளை எங்க ஆரம்பிக்குதுன்னு எம்.ஆர்.ஐ.தான் தெளிவாச் சொல்லும். அது இருந்தாத்தான் தைரியமாக் கத்தி வைக்கலாம்."

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் டெக்னீசியன் கேட்டார்: "வெல்டிங் வேலையா? கண்ணுல எப்பவாச்சும் இரும்பு பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க. எடுத்தாச்சு."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"அதெல்லாம் எதுக்குங்க? எங்க அத்தை நாக்காலயே எடுத்துட்டாங்க."

அந்தக் கண் இன்னும் மங்கல்தான் என்பது சாமிதுரைக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஸ்கேன் நின்றுபோகும். மாப்பிள்ளையின் உயிர் அந்த ஸ்கேனில் இருக்கிறது. இருந்தாலும் கதவை மறித்து நின்றார்.

"சார், அந்தப் பழைய சி.டி. படத்துல கண்ணை ஒருதடவை பாத்துட்டு உள்ள உடுங்க."

தலைக்காக எடுத்த படம். கண்ணை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், இடது கண்ணின் ஆழத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"எம்.ஆர்.ஐ. மிஷின் பூராவும் காந்தம்ங்க. உள்ள போனா அந்த இரும்பு அசைஞ்சு கண்ணையே கிழிச்சிடும்."

"கண்ணு போனாப் போவுது, எடுங்க!" என்றான் ராஜதுரை. அவர்கள் சம்மதிக்கவில்லை. முதலில் கண்ணில் ஆபரேஷன் செய்து இரும்பை எடுக்கலாம்தான். அது ஆறும்வரை மூளை வீக்கம் பொறுக்காது என்றார் டாக்டர். நரம்பில் மருந்து ஏற்றி மறுபடியும் சி.டி. எடுத்தார்கள். முன்னைவிடத் தெளிவு, ஆனால் கட்டியின் ஓரம் ஒரு பக்கம் பிடிபடவே இல்லை. திருச்சியில் அதை வைத்தேதான் ஆபரேஷன் செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் கண் விழிக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டதற்கு, டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன், மொட்டைத் தலையோடு கிடந்தவன் சாமிதுரையின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இரும்பு உள்ளயே இருந்துச்சுன்னு அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மச்சான், தாங்காது அது. ஆனா இனிமே எந்தப் பட்டறையில எவன் கண்ணுல பட்டாலும், கையக் காலக் கட்டியாச்சும் நீங்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."